கணினிப் பிரிவில் சேர்ந்த பிறகு மிச்சமாகும் நேரம் எவ்வளவு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் கலந்தாய்வு நெருங்கும்போதெல்லாம் நாளிதழ்கள் போன ஆண்டின் கட்-ஆஃப் பட்டியலைப் பக்கம் பக்கமாக அச்சிடுகின்றன. இந்த மதிப்பெண்ணுக்கு அந்தக் கல்லூரியில் அந்தப் பிரிவு கிடைக்குமா என்று பார்க்க அது உதவும். கணினி படிக்க வேண்டும், ஆனால் கணிதமோ தமிழோ பொருளாதாரமோ வயலினோ கையை விட்டுப் போய்விடக் கூடாது என்று நினைக்கிற பிள்ளைக்கு அந்தப் பட்டியலில் ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். வீட்டில் "முதலில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கட்டும், மற்றதெல்லாம் அப்புறம்" என்று சொல்லி வாயடைத்துவிடுகிறார்கள். அந்த "அப்புறம்" வருமா என்பது கல்லூரியின் கால அட்டவணையையும், படிப்பின் விதிகள் அடங்கிய ரெகுலேஷன் புத்தகத்தையும் பொறுத்தது. இரண்டையும் சேருவதற்கு முன்பே பார்த்துவிடலாம். எப்படிப் பார்ப்பது என்பதைச் சொல்லவே இக்கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்தருள வேண்டும்.

முதலில் நேரக் கணக்கு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன் சிலபஸை இணையதளத்தில் இறக்கினால், ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு அட்டவணை இருக்கும். அதில் வகுப்பு, பயிற்சி, ஆய்வகம் என்று வாரத்துக்கு எத்தனை பீரியடு என்பதும், மொத்தத் தொடர்பு நேரமும் (மாணவர் வகுப்பில் இருக்க வேண்டிய பீரியடுகள்), கிரெடிட்டும் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட மதிப்பு) தனித்தனிக் கட்டங்களில் இருக்கும். எல்லோரும் கிரெடிட்டைக் கூட்டுகிறார்கள். கூட்ட வேண்டியது தொடர்பு நேரத்தை. விரிவுரையில் ஒரு பீரியடுக்கு 1 கிரெடிட். ஆய்வகத்தில் 2 பீரியடு சேர்ந்தால்தான் 1 கிரெடிட். ஆகவே 22 கிரெடிட் உள்ள பருவம் வாரத்துக்கு 26 முதல் 28 பீரியடு வரை போகும். ஒரு நாளைக்கு 8 பீரியடு, வாரம் 5 நாள் என்றால் மொத்தம் 40. சிலபஸ் கேட்பது 28 என்றால் மிச்சம் 12 பீரியடு எங்கே போகிறது? அங்கேதான் விஷயம் இருக்கிறது. சில கல்லூரிகள் அதை நூலக நேரமாகவும், மன்றங்களுக்கான நேரமாகவும் உண்மையிலேயே விட்டுவிடுகின்றன. சில கல்லூரிகள் இரண்டாம் ஆண்டிலிருந்தே பிளேஸ்மென்ட் பயிற்சி, ஆப்டிட்யூட், கூடுதல் சான்றிதழ் வகுப்பு என்று கடைசி பீரியடு வரை அடைத்துவிடுகின்றன. சனிக்கிழமையும் போதாமல் போகிற இடங்களும் உண்டு. சிலபஸ் ஒன்றே, மாணவனின் வாரம் மட்டும் ஒன்றல்ல. இதைத் தெரிந்துகொள்ள முதல்வரைச் சந்திக்க வேண்டியதில்லை. அந்தக் கல்லூரியில் படிக்கும் இரண்டாமாண்டு மாணவர் யாரையாவது பிடித்து, வகுப்பின் கால அட்டவணையைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் போதும். முதலாமாண்டு அட்டவணை உதவாது. அது எல்லாப் பிரிவுக்கும் பெரும்பாலும் பொதுவானது.

அடுத்து பஸ். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்றால் ஐந்து நாளுக்கு 15 மணி நேரம். சனிக்கிழமையும் உண்டென்றால் 18. சென்னை ஐஐடியின் இணையவழி பி.எஸ். படிப்பில் ஒரு பாடத்துக்கு வாரம் ஏறத்தாழ 10 மணி நேரம் ஒதுக்கச் சொல்கிறார்கள். அதாவது, கல்லூரிப் பேருந்து மட்டுமே ஒன்றரைப் பாடத்தை விழுங்கிவிடுகிறது. கட்-ஆஃபில் அரை மதிப்பெண் மேலே உள்ள கல்லூரிக்காகத் தினமும் ஊரைச் சுற்றிவர ஒப்புக்கொள்ளும்முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். விடுதி என்றால் கேட் எத்தனை மணிக்குப் பூட்டப்படும், வாரத்தில் எத்தனை நாள் வெளியே போகலாம், கட்டாயப் படிப்பு நேரம் உண்டா என்று கேளுங்கள். ஆண்கள் விடுதிக்கும் பெண்கள் விடுதிக்கும் வேறு வேறு விதி என்றால், மகளைச் சேர்ப்பவர்கள் அதைத்தான் கேட்க வேண்டும். மாலை 6 மணிக்குக் கேட் பூட்டப்படும் விடுதியிலிருந்து ஒரு பெண் நகரத்து நூலகத்துக்கோ வீணை வகுப்புக்கோ போய்வர முடியாது. பிராஸ்பெக்டஸில் அரங்கத்தின் படம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இதுதான் நடப்பு.

இப்போது ரெகுலேஷன் புத்தகம். பெற்றோரில் நூற்றுக்கு ஒருவர்கூட அதைத் திறந்து பார்ப்பதில்லை என்று துணிந்து சொல்லலாம். அண்ணா பல்கலைக்கழகத்தில் அது நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை மாறுகிறது: 2008, 2013, 2017, 2021, 2025 என்று. உங்கள் பிள்ளை சேரும் ஆண்டுக்கு எது பொருந்துமோ அதை எடுக்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகளுக்குத் தனிப் புத்தகம் உண்டு. அவர்கள் சிலபஸையும் வினாத்தாளையும் தாங்களே வகுத்துக்கொள்கிறார்கள், பட்டம் மட்டும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். ரெகுலேஷன் புத்தகத்தில் தேட வேண்டிய சொல் "மைனர்", அதாவது பட்டத்தோடு சேரும் துணைத் துறை. 2021 ரெகுலேஷன்படி, வழக்கமான கிரெடிட்டுகளுக்கு மேல் இன்னும் 18 கிரெடிட், அதாவது மூன்று கிரெடிட் பாடங்கள் ஆறு, ஒரே துறையில் எடுத்தால் பட்டத்தோடு மைனரும் சேரும். ஐந்தாம் பருவத்திலிருந்து இதற்குப் பதியலாம்; மூன்றாம் பருவம் வரையிலான சிஜிபிஏ (ஒட்டுமொத்தத் தரப்புள்ளிச் சராசரி) 7.5க்குக் குறையக் கூடாது. முதலாண்டில் மாணவர்கள் அசட்டையாக இருந்துவிட்டு, ஐந்தாம் பருவத்தில் வந்து கேட்டு ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

எந்தெந்தத் துறையில் மைனர் எடுக்கலாம் என்று பாருங்கள். பிற பொறியியல் பிரிவுகளின் பாடத் தொகுதிகள். அவற்றோடு ஃபின்டெக் (நிதித் தொழில்நுட்பம்)-பிளாக்செயின், தொழில்முனைவு, பொது நிர்வாகம், வணிகத் தரவுப் பகுப்பாய்வு, சுற்றுச்சூழல் ஆகிய ஐந்து பொதுத் தொகுதிகள். ஐஏஎஸ் கனவு உள்ளவருக்குப் பொது நிர்வாகம் பயன்படும். கணிதத்திலும் இயற்பியலிலும் இலக்கியத்திலும் ஈடுபாடு உள்ளவருக்கு இதில் எதுவும் இல்லை. தமிழுக்கென்று இருப்பவை முதல் இரண்டு பருவங்களில் வரும் "தமிழர் மரபு", "தமிழரும் தொழில்நுட்பமும்" என்ற தலா 1 கிரெடிட் பாடங்கள். நல்ல தொடக்கம், அதோடு முடிந்தும்விடுகிறது.

இன்னொன்று. புத்தகத்தில் விருப்பப் பாடங்கள் வரிசையாக இருக்கும். கல்லூரி நடத்துவது அதில் இரண்டோ மூன்றோதான். ஆசிரியர் இல்லை, அல்லது போதுமான மாணவர் சேரவில்லை என்று துறையே ஒரு பாடத்தை முடிவு செய்து எல்லோருக்கும் போட்டுவிடும். பெயர் விருப்பப் பாடம், விருப்பம் துறைத் தலைவருடையது! சென்ற இரண்டு ஆண்டுகளில் எந்தெந்த விருப்பப் பாடங்களை உண்மையில் நடத்தினீர்கள், மைனர் முடித்தவர் எத்தனை பேர் என்று சேர்க்கை நாளன்றே கேட்கலாம். நேராகப் பதில் வந்தால் நல்ல அறிகுறி. "எல்லாம் இருக்கு சார்" என்றால் சந்தேகப்படுங்கள்.

வருகைப் பதிவு 75 சதவீதம். 65க்கும் 75க்கும் இடையில் உள்ளவர்களுக்கு மருத்துவம், விளையாட்டு போன்ற காரணங்களுக்கு ஆவணத்தோடு விலக்கு கிடைக்கும். மாநில அளவில் விளையாடுகிறவர் முன்அனுமதிக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். ஆடிவிட்டு வந்து கேட்டால் அலைச்சல்தான். இசை கற்றவர்களுக்கு வேறு சிக்கல்: ஒற்றைப்படைப் பருவத் தேர்வு நவம்பர், டிசம்பரில் வருகிறது. மார்கழிக் கச்சேரிக் காலமும் அதுவே. இதற்கு எந்தக் கல்லூரியாலும் வழி செய்ய முடியாது. ஆனால் அரியர் இல்லாத மாணவருக்கு அந்த மாதத்தில் ஐந்தாறு தாள். அரியர் உள்ளவருக்கு எட்டு, ஒன்பது. மற்ற ஆர்வங்களைக் கொல்வதில் அரியருக்கு நிகர் வேறெதுவும் இல்லை. எனவே, இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டைப் பல்கலைக்கழகம் வெளியிடுகிறதே, அதையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

பிரிவின் பெயர்களில் உள்ள குழப்பம் தனி. சி.எஸ்.இ., ஐ.டி., ஏ.ஐ. அண்டு டேட்டா சயின்ஸ், சி.எஸ்.இ. (ஏ.ஐ. அண்டு மெஷின் லேர்னிங்), சைபர் செக்யூரிட்டி, கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்டு பிசினஸ் சிஸ்டம்ஸ் என்று ஒரே கட்டடத்தில் ஆறு பலகைகள் தொங்குகின்றன. முதல் வேலைக்கு இவற்றுக்குள் பெரிய வித்தியாசமில்லை. பல பக்கம் கதவு திறந்திருக்க வேண்டும் என்பவருக்கு வித்தியாசம் உண்டு. பெயர் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு சீக்கிரம் அடிப்படைப் பாடங்கள் வெட்டுப்படும். ஒரு சோதனை செய்யலாம்: இரு பிரிவுகளின் சிலபஸையும் பக்கத்தில் வைத்து, தனிநிலைக் கணிதம், அல்காரிதம், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், கணிப்பியல் கோட்பாடு, கம்பைலர் ஆகிய ஆறும் கட்டாயப் பாடங்களாக உள்ளனவா என்று டிக் அடியுங்கள். அண்ணா பல்கலைக்கழக சி.எஸ்.இ.யில் கோட்பாடும் கம்பைலரும் கட்டாயம். அவை இல்லாத பிரிவில் படித்தவர், எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வின் கணினித் தாளை எழுத விரும்பினால் அந்தப் பகுதிகளைத் தாமே படித்துக்கொள்ள வேண்டியிருக்கும். 2024 முதல் கேட்டில் தரவு அறிவியலுக்கென்று தனித் தாள் வந்திருப்பதால் அவர்களுக்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது; ஆனாலும் சி.எஸ்.இ. படித்தவர் இரண்டையும் எழுதலாம். பிசினஸ் சிஸ்டம்ஸ் மட்டும் விதிவிலக்கு. டிசிஎஸ் நிறுவனம் வகுத்துக் கொடுத்த அந்தப் பாடத்திட்டத்தில் பொருளாதாரம், நிதி, மார்க்கெட்டிங் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. வணிகத்தில் நாட்டமுள்ள பிள்ளைக்கு அதைத் தள்ளிவிட வேண்டாம். என்பிஏ எனும் தர அங்கீகாரம் கல்லூரிக்குக் கிடைப்பதில்லை, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாகக் கிடைப்பது. குறைந்தது இரண்டு பேட்ச் மாணவர்கள் படித்து வெளியேறிய பிறகே ஒரு பிரிவு அதற்கு விண்ணப்பிக்கலாம். "எங்கள் கல்லூரி என்பிஏ பெற்றது" என்ற பலகையைப் பார்த்தால் எந்தப் பிரிவுக்கு என்று கேளுங்கள்.

இடங்கள் பெருகியிருப்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்றிருந்த உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்வியை நெறிப்படுத்தும் ஏஐசிடிஇ 2024-25 முதல் தகுதியுள்ள கல்லூரிகளுக்கு நீக்கிவிட்டது. 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. ஆண்டுக்கு 60 இடம் என்றால் நான்காண்டுக்கு 240 மாணவர், 12 ஆசிரியர். இடம் 300 ஆகிவிட்டால் 1,200 மாணவருக்கு 60 ஆசிரியர் வேண்டும். கல்லூரி இணையதளத்தில் அந்தத் துறையின் ஆசிரியர் பட்டியலை எண்ணிப் பாருங்கள். ஒரே ஆசிரியர் பெயர் பல கல்லூரிகளின் பட்டியலில் இருந்தது 2024இல் அம்பலமானதை உங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே, பட்டியலில் உள்ளவர் வகுப்புக்கு வருகிறாரா என்பதையும் அந்த இரண்டாமாண்டு மாணவரிடமே கேட்டுவிடலாம்.

மத்திய அரசின் என்ஐஆர்எஃப் கல்லூரித் தரவரிசையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். தரவரிசையைவிடப் பயனுள்ளது, ஒவ்வொரு கல்லூரியும் அதற்காகத் தாக்கல் செய்யும் பிடிஎஃப். அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்துக்குள் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் இடைநிலைச் சம்பளம் என்ன, மேற்படிப்புக்குப் போனவர் எத்தனை பேர் என்றெல்லாம் இருக்கும். "உச்சபட்ச சம்பளம்" என்று பேனரில் போடுவது ஒரே ஒரு மாணவருடையது. இடைநிலைச் சம்பளம் என்பது வரிசையின் நட்டநடுவில் நிற்பவருடையது. மேற்படிப்புக்குப் போனவர் எண்ணிக்கை கையளவு என்றால், அந்தக் கல்லூரியின் மொத்த இயக்கமும் வேலைவாய்ப்பை நோக்கியே திருப்பப்பட்டிருக்கிறது என்று பொருள். வேலையே குறி என்பவருக்கு அது குறையாகாது. கணித ஆராய்ச்சி என்றோ மொழியியல் என்றோ யோசிக்கும் பிள்ளைக்கு அங்கே பேச்சுத் துணைகூட இருக்காது. இந்தப் புள்ளிவிவரம் நான்காண்டுப் படிப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்தது, சி.எஸ்.இ.க்கு மட்டுமானது அல்ல என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும்.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் நிரப்பும்போது நடக்கும் தவறு ஒன்று ஆண்டுதோறும் திரும்புகிறது. கிடைக்காது என்று தோன்றுவதை மேலே போட்டால் வாய்ப்பு வீணாகும் என்று பயந்து, கிடைக்கக்கூடியதை முதலில் போடுகிறார்கள். கணினி உங்கள் தரவரிசை வரும்போது பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தைத் தருகிறது. மேலே உள்ள பத்தும் நிரம்பியிருந்தால் பதினொன்றாவதைத் தரும். அந்தப் பத்தால் ஒரு நட்டமும் இல்லை. பயந்து முதலில் போட்டது காலியாக இருந்தால் அதுதான் கிடைக்கும், கீழே உள்ள ஆசையை அது பார்க்கவே பார்க்காது. ஆகவே மனதில் உள்ள வரிசைதான் பட்டியலின் வரிசையாக இருக்க வேண்டும்.

ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டு மேல்நகர்வுக்குக் காத்திருப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. ஒன்பதாவது விருப்பம் கிடைத்து மேல்நகர்வு கேட்டால், முதல் எட்டில் ஒன்று காலியானதும் தானாக அங்கே மாற்றிவிடுவார்கள். ஒன்பதாவது அடுத்தவருக்குப் போய்விடும், திரும்பாது. அந்த எட்டில் எங்கோ தொலைவில் உள்ள கல்லூரியைச் "சும்மா இருக்கட்டும்" என்று போட்டிருந்தால் அங்கேதான் போக வேண்டும். உதவிபெறும் கல்லூரிகளில் அரசு உதவிபெறும் பிரிவும், எஸ்.எஸ். என்று குறிக்கப்படும் சுயநிதிப் பிரிவும் ஒரே பெயரில் இருக்கும், கட்டணம் வேறு. பிரிவுக் குறியீட்டைப் பார்த்துப் போடாவிட்டால் கட்டணம் கட்டும் நாளில்தான் தெரியவரும்.

இதுவரை சொன்னது கலந்தாய்வுக்குள். கணினியோடு இன்னொன்றையும் சரிசமமாகப் படிக்க நினைப்பவருக்கான சிறந்த இடங்கள் சில அதற்கு வெளியே இருக்கின்றன. அவற்றின் விண்ணப்பங்கள் பெரும்பாலும் +2 தேர்வு நெருக்கத்திலேயே வந்து போய்விடுவதால்தான் பலருக்குத் தெரிவதில்லை. கணிதப் பித்துள்ள பிள்ளைக்குச் சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகம். அங்கே கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி. ஆனர்ஸ் இருக்கிறது. நுழைவுத் தேர்வு கணிதத்தில் மட்டும். மே மாதத்தை ஒட்டி வரும். பாடப்பகுதி +2 அளவுதான், ஆனால் விடையைக் குறிப்பதோடு விடாமல் நிரூபணமும் எழுதச் சொல்வார்கள். பழைய வினாத்தாள்கள் அவர்கள் தளத்திலேயே உள்ளன. இரண்டு ஆண்டுத் தாளை மணி பார்த்து எழுதினால் இது நமக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். குறையும் உண்டு: மூன்றாண்டுப் பட்டத்தோடு நிறுத்திக்கொண்டால், பி.இ., பி.டெக். மட்டும் கேட்கும் நிறுவனங்களிலும், நான்காண்டுப் பட்டம் கேட்கும் சில வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் தடை வரும். அங்கே போகிறவர் முதுகலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் ஐந்தாண்டு எம்.எஸ்சி. படிப்புகள் (தியரெட்டிகல் கம்ப்யூட்டர் சயின்ஸ், சாஃப்ட்வேர் சிஸ்டம்ஸ் போன்றவை) கலந்தாய்வில் வராது, தனி விண்ணப்பம். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் ஐந்தாண்டு எம்.எஸ்சி.யும் அப்படியே, கணினி அறிவியலோடு எலக்ட்ரானிக் மீடியா என்ற படிப்பும் அங்கே இருப்பதை ஊடக ஆசையுள்ளவர்கள் கவனிக்கலாம். மொழியும் கணினியும் என்றால் ஹைதராபாத் ஐஐஐடியின் ஐந்தாண்டு இரட்டைப் பட்டம்: கணினி அறிவியலில் பி.டெக்., கணினி மொழியியலில் ஆய்வுசார் எம்.எஸ். அதற்கு யுஜிஇஇ என்ற அவர்களின் சொந்தத் தேர்வும் நேர்காணலும் உண்டு. பொருளாதாரமோ இயற்பியலோ என்றால் பிட்ஸ் பிலானி. அங்கே எம்.எஸ்சி.யில் சேர்ந்து, முதலாண்டு சிஜிபிஏயைக் கொண்டு இரண்டாவது பட்டமாக ஒரு பி.இ. பிரிவைப் பெறலாம். வருகைப் பதிவுக் கட்டாயமும் இல்லை. ஆனால் முதலாண்டு முடிந்து கணினிப் பிரிவு கேட்பவர் கூட்டம் பெரிது; சிஜிபிஏ மிக உயர்வாக இருந்தாலொழிய எலக்ட்ரானிக்ஸோ மெக்கானிக்கலோதான் கிடைக்கும். கட்டணமும் ஆண்டுக்கு லட்சங்களில். கணினி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லக்கூடியவர் மட்டும் அந்த வழியில் இறங்கலாம். விஐடியில் மாணவரே பாடத்தையும் ஆசிரியரையும் நேரத்தையும் தேர்ந்து அட்டவணை போட்டுக்கொள்ளும் முறை இருக்கிறது. நல்ல ஆசிரியரின் வகுப்புகள் பதிவு தொடங்கியதும் நிரம்பிவிடும் என்றாலும், வாரத்தில் ஒரு பாதி நாளைக் காலியாக வைத்துக்கொள்ள அந்த முறை இடம் கொடுக்கிறது. சேர்ந்த பிறகு பிரிவு மாறிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பி இறங்காதீர்கள். சில ஐஐடிகளே அந்த வசதியை நிறுத்திவிட்டன.

இன்னொரு வழி இருக்கிறது. வீடுகளில் அதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். ஆனாலும் எங்கள் கணிப்பில் பல பிள்ளைகளுக்கு அதுவே பொருத்தம்: மனதுக்குப் பிடித்ததை முதல் பட்டமாக வைத்துக்கொண்டு, கணினியை இரண்டாவதாகப் படிப்பது. நம்மூர்க் கலை அறிவியல் கல்லூரிகள் பல இரண்டு ஷிப்டாக நடக்கின்றன. காலை ஷிப்டு மாணவருக்குப் பிற்பகல் முழுவதும் சொந்தம். பொறியியல் மாணவருக்கு இல்லவே இல்லாத சொத்து அது. பி.எஸ்சி. கணிதமோ பி.ஏ. பொருளாதாரமோ படிப்பவர், முன்பு சொன்ன, சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் படிப்பில் சேரலாம். +2வில் எந்தக் குரூப்பும் ஆகலாம். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். நான்கு வாரப் பாடமும் ஒப்படைப்புகளும் முடித்து, நேரில் ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். அடிப்படை நிலையில் 8 பாடங்கள், 32 கிரெடிட், பி.எஸ். பட்டம் வரை போனால் மொத்தம் 142. நடுவில் டிப்ளமோவோடோ பி.எஸ்சி.யோடோ விலகிக்கொள்ளலாம். வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. பாடம் இணையத்தில், தேர்வு நேரில், மையத்துக்குப் போய். கலைக் கல்லூரியில் நான்கு பருவம் பகுதி 1 தமிழ் இருப்பதால், மொழியில் பிடிப்புள்ளவருக்கு அதுவும் கூடுதல் ஆதாயம்.

ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 ஏப்ரலில் அனுமதி கொடுத்தது. ஒன்று நேரடி, மற்றது தொலைநிலை அல்லது இணையவழி என்றால் சிக்கல் குறைவு. தொலைநிலைப் படிப்பு யுஜிசி அங்கீகாரம் பெற்றதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பி.இ. படித்துக்கொண்டே பி.ஏ. தமிழ் படிப்பவர்கள் சறுக்குவது படிப்பின் கனத்தால் அல்ல, தேர்வுத் தேதியால். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பருவ இறுதித் தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். அண்ணா பல்கலைக்கழகத் தேர்வும் டிசம்பரில் நிற்கிறது. ஐஐடி பி.எஸ்.ஸின் மூன்று பருவங்களில் செப்டம்பரில் தொடங்குவதும் அங்கேதான் போய் முட்டும். அந்தப் பருவத்தில் ஒரே பாடம் எடுக்கலாம், அல்லது அதை விட்டுவிட்டு ஜனவரியிலும் மே மாதத்திலும் கூடுதலாக எடுக்கலாம். முதல் பருவத்திலேயே நான்கு பாடம் பதிந்து பணம் கட்டிவிட்டு, டிசம்பரில் இரண்டு இடத்திலும் கோட்டை விடுவது வாடிக்கை.

பட்டமே வேண்டாம், ஒரு பாடம் போதும் என்பவருக்கு, ஐஐடிகள் நடத்தும் இணையவழிப் பாடத் தளமான என்பிடெல். 12 வாரப் பாடத்துக்குப் பெரும்பாலும் 3 கிரெடிட் வரை கல்லூரியில் ஏற்றுக்கொள்வார்கள். வாராந்திர ஒப்படைப்புக்கு 25, நேரடித் தேர்வுக்கு 75; சான்றிதழுக்கு முன்னதில் 10ம் பின்னதில் 30ம் தனித்தனியாக வேண்டும். பாடத்தைத் தொடங்கும் முன் துறையில் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். முடித்துவிட்டுச் சான்றிதழோடு போனால், "இது நம்ம பட்டியலில் இல்லையே" என்று திருப்பி அனுப்ப நேரும்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. தனியார் பல்கலைக்கழகங்கள் +2 முடிவு வரும் முன்பே முன்பணம் கேட்கும். ஏஐசிடிஇ விதிப்படி, இறுதித் தேதிக்கு முன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டுமே பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். அசல் சான்றிதழ்களை நிறுத்தி வைக்கவும் கூடாது. ஆனால் பணம் வாங்கும்போது கொடுக்கும் ரசீதில் "நன்கொடை" என்றோ "வளர்ச்சி நிதி" என்றோ இருந்தால் அந்த விதியைக் காட்டி வாதாடுவது கடினம். ரசீதில் "கல்விக் கட்டணம்" என்று எழுதச் சொல்லி வாங்குங்கள். விலகும் கடிதத்தைப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் இறுதித் தேதிக்கு முன்பே அனுப்புங்கள்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கட்-ஆஃப் பட்டியல் அச்சிடும்போது ஒவ்வொரு கல்லூரியின் பெயருக்கும் எதிரே இன்னும் மூன்று கட்டங்களைச் சேர்க்க முடியுமா? இரண்டாமாண்டு சி.எஸ்.இ. வகுப்பு வாரத்துக்கு எத்தனை பீரியடு நடக்கிறது, சென்ற ஆண்டு மைனர் முடித்தவர் எத்தனை பேர், குறித்த காலத்தில் பட்டம் பெற்றவர் நூற்றுக்கு எத்தனை பேர். மூன்றாவது என்ஐஆர்எஃப் பிடிஎஃபில் ஏற்கெனவே இருக்கிறது. முதல் இரண்டையும் உங்கள் நிருபர்கள் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடலாம். பதில் சொல்ல மறுக்கும் கல்லூரிகளின் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
கணினித் துறை ஆசிரியர்கள் இருவர்,
திருச்சிராப்பள்ளி.